அப்பாவின் டிரெடிலும் என் உருளையும்

“இதுல பேக்கிங் எங்க கொடுக்கிறது பாப்பா?”

நான் வாங்கிவந்த கை இயந்திரத்தைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். விலை என்ன, எந்த ஊர்ச் சரக்கு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினார். இரண்டு உருளைகளுக்கும் நடுவே ஒரு துண்டு அட்டையை விட்டு, அது எப்படிப் பிடிபடுகிறது என்று பார்த்தார். பிறகுதான் கேட்டார். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டை கட்டிங் பிரிவில் முப்பத்தோரு வருஷம் நின்றவர் அவர்.

பேக்கிங் என்றால் இங்கே பொட்டலம் கட்டுவது இல்லை. கத்தி எந்த இடத்தில் சரியாக இறங்கவில்லையோ, அதற்கு நேர் பின்னால் மெல்லிய தாளை ஒட்டி அந்த இடத்தை மேடாக்குவது. ஒரு டிஷ்யூத் தாளின் கனம் குறைந்தால் போதும், மூன்று மூலை சுத்தமாக வெட்டுப்பட்டு நாலாவது மூலை பிய்ந்து நிற்கும். வெட்டிய அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தால் எந்த இடம் நெளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்பாவின் வலதுகை நடுவிரல் இன்றைக்கும் மேசைமேல் கிடக்கும் எந்தக் காகிதத்தையும் அப்படித்தான் தடவுகிறது.

நான் வாழ்த்து அட்டை செய்கிறேன். காதணி விழா, புதுமனை புகுவிழா, பணி ஓய்வு, குழந்தைக்குப் பெயர் வைப்பது என்று ஐம்பது, நூறு என்ற எண்ணிக்கையில் கையால் செய்து கொடுப்பது. வடிவம் வெட்ட ஒரு இயந்திரம் வேண்டும் என்று தேடத் தொடங்கியபோது, எதில் எத்தனை டிசைன் இருக்கிறது, எதை போனோடு இணைக்கலாம் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். அது எப்படி அழுத்துகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. முதலில் மலிவாகக் கிடைத்த ஓர் ஆறு அங்குல இயந்திரத்தை வாங்கினேன். இரண்டாவது மாதம் அதன் பல்சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் இந்த இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கத் தொடங்கினேன். பாதி அப்பாவிடம், பாதி புத்தகங்களில். மூதாதையர் யார் என்று தெரிந்த பிறகு எதை வாங்குவது என்ற கேள்வி எனக்குத் தெளிவாகிவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் தோலில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கம் லின் போன்ற ஊர்களில் காலணித் தொழில் பெருகியது. செருப்பின் அடித்தோலை மாதிரிப் பலகையின் ஓரமாகக் கத்தியை ஓட்டி ஒவ்வொன்றாக அறுத்தால் எத்தனை ஜோடி ஆகும்? பாதத்தின் வடிவத்துக்கு இரும்பை வளைத்து, அடியில் கூர் வைத்து, தோலின்மேல் வைத்து மரச்சுத்தியலால் ஒரே அடி. அதுதான் டை. சுத்தியலின் இடத்துக்குப் பின்னாளில் அழுத்தும் இயந்திரம் வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இன்றைக்கும் காலணித் தொழிற்சாலைக்குள் போனால் தோல் வெட்டும் பகுதிக்குக் ‘கிளிக்கிங்’ என்றுதான் பெயர். பழைய கைக்கத்தி தோலைவிட்டு வெளியே வரும்போது எழுப்பிய ஓசையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கத்தி போய்விட்டது, ஓசையின் பெயர் மட்டும் பாலாற்றங்கரையில் தங்கிவிட்டது.

காகிதத்துக்கு இந்த வேலை வந்த வழி வேறு, அது இங்கிலாந்தில். லண்டனில் டாப்ஸ் என்ற நிறுவனம் காகிதத்தில் புடைப்பு வேலை செய்து வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே தாளை வைத்து அழுத்தினால் பூவும் கொடியும் மேலெழும்பும். அங்கே வேலை பார்த்த ஜோசப் அடன்புரூக் 1834-ல் அந்த மேலெழும்பிய முனைகளை அரத்தால் தேய்த்தார் என்று சொல்கிறார்கள். தேய்ந்த இடமெல்லாம் துளை. தாள் பின்னல் சரிகைபோல ஆகிவிட்டது. காகித லேஸ் பிறந்த கதை இது. ஆறு வருஷம் கழித்து, 1840-ல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்ற நிலை வந்ததும் காதலர் தின அட்டைகள் பெருகிவிட்டன. வாழ்த்து அட்டையின் வரலாறு எந்த நாட்டிலும் தபால் கட்டணத்தின் வரலாறாகவும் இருக்கிறது. நம் ஊரில் உறையை ஒட்டாமல், மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த தபால்தலையில் பொங்கல் வாழ்த்து அனுப்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எஸ்தர் ஹவ்லண்டை நான் என் தொழிலின் மூத்தவராக நினைக்கிறேன். மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஊரில் 1828-ல் பிறந்தவர். 1847-ல் மவுண்ட் ஹோலியோக்கில் படிப்பை முடித்தார். அப்பாவுக்குப் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு லேஸ் அட்டை கையில் கிடைத்ததும், இதை நாமே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. லேஸ் தாளையும், ஜெர்மனியில் வண்ணத்தில் அச்சடித்து ஓரம் வெட்டி வந்த சின்னச்சின்னப் பூ, பறவைப் படங்களையும் அப்பா மூலம் வரவழைத்து, சில மாதிரிகள் செய்தார். விற்பனைக்கு ஊர் ஊராகப் போன அண்ணன் தம்பிகளில் ஒருவர் அந்த மாதிரிகளை எடுத்துப் போனார். இருநூறு டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்று எஸ்தர் எதிர்பார்த்திருக்க, ஐயாயிரம் டாலருக்கு வந்து நின்றது என்பது அந்த ஊர்ச் சரித்திரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

பிறகு அவர் செய்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டு மாடியில் தோழிகளை உட்கார வைத்தார். ஒருவர் படங்களைப் பிரித்துக் கொடுக்க, அடுத்தவர் பின்தாளை வைக்க, அதற்கடுத்தவர் லேஸை ஒட்ட, அட்டை கைமாறிக்கொண்டே போகும். மேசைக்கு வர முடியாத பெண்களுக்குத் தேவையான சாமான்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பி, முடித்ததும் வாங்கிக்கொண்டார். சிவகாசியில் பிறந்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியதும், பக்கத்து வீட்டு அக்கா கல்யாணப் பத்திரிகைக்குக் கயிறு கோத்ததும் இதே ஏற்பாடுதான். வூஸ்டரில் அந்தத் தொழில் 1881-ல் ஜார்ஜ் விட்னி என்பவர் கைக்குப் போனது. எஸ்தர் 1904-ல் மறைந்தார்.

“மெஷின்ல வெட்டினா அது எப்படிங்க கைவேலை ஆகும்?” என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் எஸ்தரைத்தான் சொல்வேன். கையால் செய்த அட்டைகளுக்குப் பேர்போன அந்தப் பெண் லேஸை அறுக்கவில்லை, படத்தின் ஓரத்தை வெட்டவில்லை. வேறு எங்கோ டை வெட்டித் தந்ததை வாங்கித்தான் அடுக்கினார், ஒட்டினார், அளவு பார்த்தார். கைவேலை என்பது முதல் நாளிலிருந்தே அடுக்குவதிலும் தேர்வதிலும்தான் இருந்தது. வெட்டுவதற்கு எப்போதும் ஓர் இயந்திரம் பின்னால் இருந்திருக்கிறது. அன்றைக்கு அது கடலுக்கு அப்பால் இருந்தது, இன்றைக்குச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

அட்டையை வெட்டுவதும் மடிப்புக்கோடு போடுவதும் ஒரே அழுத்தில் நடக்கலாம் என்று கண்டவர் ராபர்ட் கேர். ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் காகிதப்பை செய்தவர். 1879-ல் விதைப்பைகள் ஓடிக்கொண்டிருந்தபோது, மடிப்புக்கோடு போட வேண்டிய உலோகப் பட்டை ஒன்று உயர்ந்துபோய் பைகளை அறுத்துவிட்டது. சரக்கு பாழானது. ஆனால் ஒரு பட்டை உயரமாக இருந்தால் வெட்டும், தாழ்வாக இருந்தால் மடிக்கும் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தால் தட்டையாக அனுப்பி, வேண்டும்போது மடித்துக்கொள்ளும் பெட்டி. இன்றைக்கு நாம் கையிலெடுக்கும் பற்பசைப் பெட்டி முதல் இனிப்புப் பெட்டி வரை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இனி டிரெடில். இதை நான் அவசரமாகக் கடக்க முடியாது.

நியூயார்க்கில் 1850-களில் ஜார்ஜ் கார்டன் என்பவர் வடிவமைத்த அச்சு இயந்திரம் அது. எழுத்துக் கோத்த சட்டம் நின்றவாக்கில் ஒருபக்கம், தாள் வைக்கும் தட்டு மறுபக்கம். காலால் மிதிக்க மிதிக்கச் சிப்பி வாய் திறந்து மூடுவதுபோல இரண்டும் அணைந்து விலகும். பெஞ்சமின் பிராங்க்ளின் கனவில் வந்து சொல்லிக்கொடுத்த இயந்திரம் இது என்று கார்டன் சொல்லிக்கொண்டாராம், அதற்கு பிராங்க்ளின் பெயரையே வைத்தார். பிறகு கிளீவ்லண்டில் சாண்ட்லர் அண்டு பிரைஸ் நிறுவனம் அதே அமைப்பில் ஏராளமாகச் செய்து தள்ளியது. அந்தக் குடும்பத்து இயந்திரங்கள்தான் நம் ஊர்ச் சந்துகளில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் பில் புத்தகமும் அடித்தவை. மிதிக்கும் கட்டையின் ஆங்கிலப் பெயரே இங்கே இயந்திரத்தின் பெயராகி, ‘டிரெடில்’ என்று நிலைத்தது. மோட்டார் மாட்டி மிதிகட்டையைக் கழற்றிய பிறகும் பெயர் மாறவில்லை.

சிவகாசியின் கதை 1923-ல் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து ஆரம்பித்த வருஷம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை என்று ஒன்றன்பின் ஒன்று. கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் இங்கே அச்சாகி ஊரெங்கும் சுவரேறினார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவது இந்த ஊர் வழக்கம். அன்றிலிருந்து மார்கழி முடியும்வரை அப்பாவை நாங்கள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. சாமியின் கிரீடத்தை ஒட்டியே வளைந்து வெட்டுப்பட்ட தினசரிக் காலண்டர் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவு அப்பாவின் பிரிவில் விழுந்தது.

டிரெடில் அங்கே வந்து சேர்ந்த விதம் கவனிக்க வேண்டியது. ஆஃப்செட் பரவியதும் ஈய எழுத்துக்கு வேலை இல்லாமல் போனது. எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்டார்கள். டிரெடில்களைப் போடவில்லை. மை உருளைகளைக் கழற்றி, தாள் வைக்கும் தட்டின்மேல் ஓர் எஃகுத் தகட்டை மாட்டி, எழுத்துச் சட்டம் இருந்த இடத்தில் டையைப் பூட்டினார்கள். எழுத்தின் உயரம் 23.32 மில்லிமீட்டர். டையில் பதிக்கும் கத்தியின் உயரம் 23.8 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லாத வித்தியாசம், அதை ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். எழுத்தை இழந்த இயந்திரத்துக்குக் கத்தி மறுவாழ்வு கொடுத்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நிறுவனம் 1914-ல் லைப்சிக் கண்காட்சியில் காட்டிய, காற்றாடிபோலக் கை சுழன்று தாளெடுத்து வைக்கும் இயந்திரத்துக்கும் இதே கதிதான். வசதியான அச்சகங்களில் அது டை கட்டிங்குக்கும் நம்பர் போடுவதற்கும் இன்றும் ஓடுகிறது.

டை செய்கிறவரின் பட்டறைக்கு அப்பா என்னை ஒருமுறை கூட்டிப்போனார். எனக்குப் பத்து வயது இருக்கும். ப்ளைவுட் பலகையில் படம் வரைந்து, ஜிக்சா வாளால் கோட்டின்மேலேயே அறுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர். கோடு முழுவதையும் அவர் அறுக்கவில்லை. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் அறுத்து, கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி அறுத்தார். முழுக்க அறுத்தால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் என்பதற்காக விடும் பாலங்கள் அவை. பிறகு எஃகுப் பட்டையை அந்த வளைவுக்கு ஏற்ப வளைத்து, பாலம் வரும் இடத்தில் பட்டையின் அடியில் கடித்து எடுத்துவிட்டு, அறுத்த பிளவுக்குள் தட்டி இறக்கினார். வெட்டுக்கத்தி ஒரு உயரம், அட்டையின் கனத்துக்கு ஏற்பத் தாழ்ந்த மடிப்புப் பட்டை ஒரு உயரம். கத்தியின் இருபக்கமும் ரப்பர் ஒட்டினார். வெட்டுப்பட்ட அட்டை டையிலேயே சிக்கிக்கொள்ளாமல் வெளியே தள்ளுவது அந்த ரப்பர்தான். கடைசியாகச் சின்ன அரம் ஒன்றை எடுத்து, கத்தியின் கூரில் அங்கங்கே மெல்லிய பள்ளம் போட்டார். நல்ல கூரை ஏன் கெடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. “அந்த எடத்துல மட்டும் அட்டை அறாம ஒட்டிக்கிட்டு நிக்கும் தாயி. இல்லேன்னா துண்டு துண்டா உங்கப்பா மேல கொட்டும்” என்றார். அதற்கு ‘நிக்’ என்று பெயர். அடுக்கடுக்காக வரும் தாள்களில் அந்த நிக்கை உடைத்துக் கழிவைத் தட்டி எடுப்பது பெண்களின் வேலையாக இருந்தது. இப்போது பலகையை லேசர் அறுக்கிறது. பாலம், ரப்பர், நிக் மூன்றும் மாறவில்லை.

டிரெடிலின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது வாய் திறக்கும் நேரத்துக்குள் ஒரு கை தாளை வைக்க வேண்டும், மறு கை வெட்டிய தாளை எடுக்க வேண்டும். மணிக்கு ஆயிரம் முறை. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் நாட்களில் நான் கதவோரம் நின்று அந்தக் கைகளைத்தான் பார்ப்பேன். ஒரு மார்கழியில், இரவு வேலை முடிந்து பகலும் தொடர்ந்த ஒருவரின் இரண்டு விரல்கள் அதில் போயின. அப்பாவுக்கு அடுத்த இயந்திரத்தில் நின்றவர். எங்கள் வீட்டுக்கு வந்து போகிற அண்ணாச்சி. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் டம்ளரை இடதுகையால் வாங்கினார். இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த வாழ்த்துகளில் அப்படிப்பட்ட விரல்களின் கணக்கும் இருக்கிறது. இயந்திரம் எதை வாங்கினாலும் அழுத்தும் நேரத்தில் கை எங்கே இருக்கும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இப்போது மேசை இயந்திரங்களுக்கு வருகிறேன். கடையில் எல்லாம் ஒரே பெயரில் நின்றாலும் இவற்றில் மூன்று வம்சங்கள் இருக்கின்றன.

முதலாவது நெம்புகோல் வகை. டிரெடிலின் நேரடி வாரிசு. கைப்பிடியை இழுத்தால் தட்டு இறங்கி டையை அழுத்தும். கலிஃபோர்னியாவில் ஐக்கன்பெர்க் என்ற தம்பதி, பள்ளி ஆசிரியர்கள் எழுத்துகளையும் வடிவங்களையும் கத்தரிக்கோலால் வெட்டிக் களைத்துப்போவதைப் பார்த்து, 1977-ல் தொடங்கிய நிறுவனம் எலிசன். அவர்களுடைய எழுத்து வெட்டும் இயந்திரம் அமெரிக்கப் பள்ளிகளில் பரவியது. அதே நிறுவனம் 2001-ல் வீட்டில் அட்டை செய்கிறவர்களுக்காகக் கொண்டுவந்த பெயர்தான் சிசிக்ஸ். இந்த வகை உறுதியானது. ஆனால் அழுத்தம் தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதால் டை பெரிதாகப் பெரிதாகக் கைப்பலம் கூடுதலாக வேண்டும். சின்ன வடிவங்களுக்குச் சரி.

இரண்டாவது உருளை வகை. இதன் மூதாதை டிரெடில் இல்லை. செப்புத் தகட்டில் கீறிய படத்தை அச்செடுக்க ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய உருளை அச்சுதான் அது. கனத்த பலகையின்மேல் தகடும் ஈரத்தாளும் கம்பளியும் அடுக்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி உள்ளே அனுப்புவார்கள். நூற்றாண்டுகளாக நடந்த வேலை, ரெம்பிராண்ட் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அதன் அழுத்தம் ஒரே கோட்டில் மட்டும் விழும், அந்தக் கோடு மெல்ல நகரும். அதனால் சின்ன பலத்தில் பெரிய பரப்பை அழுத்தலாம். இன்றைக்கு மேசைமேல் நாம் அடுக்குவதும் அதே அடுக்குதான். அடித்தட்டு, அதன்மேல் பாலிகார்பனேட் தட்டு, அட்டை, டை, மறுபடி ஒரு தட்டு. டையும் மாறிவிட்டது. மரமும் ரப்பரும் இல்லாமல், மெல்லிய எஃகுத் தகட்டை அமிலத்தால் அரித்து, கூர் மட்டும் மேலே நிற்கும்படி செய்கிறார்கள். கையில் வைத்தால் காகிதம்போல இருக்கும்.

மூன்றாவது கணினி வகை. இதை டை கட்டிங் என்று சொல்வதே பொருத்தமில்லை, இதில் டை கிடையாது. பொறியாளர்கள் வரைபடம் போட்ட பிளாட்டரில் பேனாவை எடுத்துவிட்டுக் கத்தியை வைத்தது. வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ஜோசப் கெர்பர் 1969-ல் கணினி சொல்படி துணி வெட்டும் இயந்திரத்தையும், 1983-ல் பெயர்ப்பலகைக்கு வினைல் எழுத்து வெட்டும் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். நம் ஊரில் பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் ஓடுவது அந்த வழியில் வந்ததுதான். கிரிகட்டும் சில்ஹவுட்டும் அதன் வீட்டு வடிவங்கள். இங்கே அழுத்தம் என்பது ஊசிமுனையளவு கத்தி ஒன்றின் இழுப்பு.

இந்த வம்சாவளி தெரிந்த பிறகு நான் செய்தது ஒரே ஒரு காரியம். என் காகிதங்களை மேசைமேல் பரப்பினேன். சென்னை ஆண்டர்சன் தெருவில் வாங்கும் 300 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு, பளபளக்கும் மெட்டாலிக் அட்டை, புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம். கைக்காகிதம்தான் தீர்ப்பு சொன்னது. பருத்தி நார் நீளமானது. தோழி வீட்டுக் கணினி இயந்திரத்தில் வைத்தபோது, சின்னக் கத்தி நாரை இழுத்துக்கொண்டே போய் ஓரத்தைப் பஞ்சாக்கிவிட்டது. இழுக்கும் கத்திக்கு நார் எதிரி. மேலிருந்து அழுத்தும் கத்திக்கு அது பெரிய தடையில்லை. உருளை இயந்திரத்தில் அதே தாளைக் கொடுத்து, முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டியதும் இதழ் சுத்தமாகக் கழன்று வந்தது. அதோடு உருளைக்குள் புடைப்பு வடிவம் பதித்த மடிப்புத் தகட்டையும் வைத்து, லண்டனில் டாப்ஸ் செய்த புடைப்பு வேலையைச் செய்யலாம். கத்தியை இழுக்கும் இயந்திரத்தால் அந்த ஆழம் வராது.

கணினி வகையை நான் குறை சொல்லவில்லை. ஒன்றில் அதற்கு நிகரில்லை, தமிழ் எழுத்து. நான் பார்த்த கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் எழுத்து டைகள் எல்லாம் ஆங்கிலம். குழந்தையின் பெயரைத் தமிழில் வெட்ட வேண்டுமென்றால் கணினி இயந்திரம் வேண்டும், இல்லையென்றால் தனியாக டை செய்யக் கொடுக்க வேண்டும். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். ‘திருமணம்’ என்று அட்டையில் துளையாக வெட்டினால் ‘ண’வின் உள்சுழி கழன்று விழுந்துவிடும். ‘க’வுக்கும் அப்படியே. சுழிக்குள் ஒரு மெல்லிய இணைப்பை விட்டு வரைய வேண்டும். ஜிக்சாப் பெரியவர் ப்ளைவுட்டில் விட்ட அதே பாலம். ஆண்டுக்கு நாலு பெயர் அட்டை செய்கிறவர் அதற்காக இயந்திரம் வாங்க வேண்டாம், ஸ்டிக்கர் கடைக்காரரிடம் கேட்டாலே வெட்டித் தருவார். தினமும் பெயர்தான் வேலை என்றால் கணினி வகையைத்தான் வாங்க வேண்டும்.

நான் வாங்கியது ஒன்பது அங்குல வாய் உள்ள கைச்சுற்று உருளை. ஆறு அங்குலத்தில் ஏ4 தாள் நுழையாது. அதன் அகலமே 21 சென்டிமீட்டர், ஒன்பதில் அது தாராளமாகப் போகும். பதின்மூன்று அங்குலம் கனம் அதிகம், மேசையை விட்டு நகராது, தட்டுகளும் விலை கூடுதல். பல்சக்கரம் உலோகமா என்று கேட்டேன். தட்டுகள் தனியாக இங்கே கிடைக்குமா என்று கேட்டேன். இயந்திரத்தைவிட முதலில் தேய்வது அவைதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தட்டைப் புரட்டிப் போட வேண்டும், ஒரே பக்கம் அழுந்தினால் வில்லாக வளைந்துவிடும். அழுத்தும்போது என் ஒரு கை கைப்பிடியில், மறு கை தட்டு வெளியே வரும் பக்கத்தில். விரல் உருளைக்குள் போக வேலையே இல்லை. அப்பா அதைத்தான் தம் அட்டைத் துண்டை விட்டுச் சோதித்தார்.

அவருடைய கேள்விக்கு வருகிறேன். புது இயந்திரத்தில் முதல் நாள் ஒரு தாமரை டையை ஓட்டினேன். இடது கீழ் இதழ் மட்டும் அறவில்லை. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு தட்டை எடுக்கப் போனேன். “முழுசுக்கும் ஏத்தாத பாப்பா, மத்த எடத்துல கத்தி மழுங்கிப்போகும்” என்றார். இனிப்புப் பெட்டியில் வந்த ஒரு டிஷ்யூத் தாளைக் கிழித்தார். கத்தரிக்கவில்லை, கிழித்தார். கத்தரித்த ஓரம் படிபோல நின்று அதுவும் பதிந்துவிடுமாம், கிழித்த ஓரம் சரிந்து இறங்குமாம். நகத்தளவு துண்டு. அறாத இதழ் இருந்த இடத்துக்கு நேராகத் தட்டின் வெளிப்பக்கம் பசையில் ஒட்டினார். பிறகு கைப்பிடியை அவரே சுற்றினார். தாமரை எட்டு இதழோடும் வந்தது. வெளிநாட்டு அட்டைக்காரர்கள் இதற்கு ‘ஷிம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிவகாசியில் இது பேக்கிங்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கையில் இருப்பதிலேயே கனமான அட்டையையும் நார் அதிகமான தாளையும் கடைக்கு எடுத்துப் போங்கள். அவர்கள் காட்டும் மெல்லிய வண்ணத்தாளில் எந்த இயந்திரமும் வெட்டும். உங்கள் அட்டையில், உங்கள் கையால் ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் திருப்பி நாலு மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள்.

சிவகாசிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய டிரெடில்கள் இப்போது எடைக்குப் போகின்றன, ஜிக்சாவால் அறுத்த டைகள் அடுப்புக்குப் போகின்றன. தீப்பெட்டி லேபிளைச் சேகரிக்க உலகமெங்கும் ஆள் இருக்கிறார்கள், இவற்றுக்கு ஒருவரும் இல்லை. ஓடும் நிலையில் ஒரே ஒரு டிரெடிலையும், ஒரு சாமி காலண்டர் டையையும், அதை ஓட்டத் தெரிந்தவர் இருக்கும்போதே, ஒரு பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ நிறுத்தி வையுங்கள்.